எத்தனை பேர்?

மெடல் வாங்கியவரைக் கட்டிக்கொண்டவள் என்று தையல்காரியின் மேல் தெருவுக்கே ஒரு பொறாமை இருந்தது. அவள் கணவரைப் பார்க்க வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். காலாட்படையிலிருந்து அவர் திரும்பியபோது வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். அந்தக் கையைப் பார்த்ததும் வந்தவர்களுக்கு ஆசை கிளம்பிவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்.

"எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"யாரையும் சுடலைங்க."

"ஒருத்தரைக்கூடவா?"

"இல்லைங்க."

அதோடு பேச்சு படுத்துவிடும். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, எடை குறைந்த சரக்கை வாங்கிவிட்ட முகத்தோடு கிளம்புவார்கள். பனிமலையில் செத்துப்போன கூட்டாளியின் உடலைக் கீழே கொண்டுவந்ததற்குத்தான் அந்த மெடல் என்று தெரிந்ததும், முடிதிருத்துபவர் தன் கடையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். பொணம் தூக்கினதற்கு மெடல் என்றால் ஆஸ்பத்திரி வேன் டிரைவருக்கு எத்தனை கொடுப்பது என்று கேட்டாராம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முழுக்கதை தையல்காரி ஒருத்திக்குத்தான் தெரியும். கூட்டாளி குண்டடிபட்டுச் சாகவில்லை. விடிகாலையில் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கப் போனவன், கால் வழுக்கிப் பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டான். அந்த நேரத்தில் எதிரி மலைக்கு அப்பால் தன் பாட்டுக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். பனிக்காற்று நிற்கட்டும், உடல் எங்கும் ஓடிப்போகாது என்றார் அதிகாரி. இவர் கேட்கவில்லை. பிளவுக்குள் இறங்கி, உடலைக் கட்டி மேலே ஏற்றி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பகல் முழுக்கப் பனியில் இழுத்து வந்தார். கீழே வந்து சேர்ந்தபோது கயிறு வேறு கை வேறு என்று பிரிக்க முடியவில்லை. கூட்டாளி முழுசாக வீடு போய்ச் சேர்ந்தான். இவருடைய நாலு விரல்கள் ராணுவ ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டன. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, அவங்க அம்மா ஒரு தடவை முகத்தைப் பார்க்க வேண்டாமா என்றார். அந்த அம்மாவுக்குப் படைப்பிரிவு சொன்னது, பணியின்போது வீரமரணம் என்று. பொய் என்று சொல்ல முடியாது. ஒதுங்கப் போன சங்கதியை மட்டும் இவர் மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

வாயைத் திறக்காத வீரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டில் ஓடியது தையல் மிஷின் ஒன்றுதான். காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு, அதன் பிறகு இருட்டும்வரை பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்தாள் அவள்.

கடைசியில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையின் முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. மெடல்காரர் வாசலில் காவல் நின்றால் கம்பெனிக்கே மீசை முளைத்த மாதிரி. ஆண்டு விழா மேடையிலேயே வேலைக்கான உத்தரவைக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதற்கு முன் கேட்பவர்களுக்கு ரத்தம் சூடேறுகிற மாதிரி நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான்.

தையல்காரி புருஷனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம், ஒரு வேலைக்கு நாலு பொய் சொன்னால் குடி முழுகிவிடுமா என்றாள். நாலு எதிரி அதிகம் என்றால் இரண்டு போதும் என்று பேரத்தில் இறங்கினாள். சுடாதவனைச் சுட்டதாக எப்படிச் சொல்வது என்றார் அவர். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சரக்குக் கூடத்தில் வாளிகளை ஓரமாக அடுக்கிவிட்டு மேடை போட்டிருந்தார்கள். முதலாளி யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தார். கூட்டாளியின் அம்மாவையும் அவள் இளைய மகனையும் வரவழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார். தாய் அழுதால் விழா களைகட்டும் என்பது அவருக்குத் தெரியாதா? மெடல்காரர் மைக்கின் முன்னால் வந்து வணக்கம் சொன்னார். அதற்கு மேல் வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் அந்த அம்மா எழுந்தாள்.

"தம்பி, உன்னைப் பார்த்து ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். என் பிள்ளை எப்படிப்பா செத்தான்?"

இந்த மனுஷனுக்குத்தான் பொய் வராதே, நடந்ததைச் சபையில் போட்டு உடைத்துவிடுவாரே என்று தையல்காரி பதறினாள். வேலை போனால் போகட்டும், அந்தத் தாய் தாங்குவாளா?

அவர் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வாயைத் திறந்தார் பாருங்கள், மடை திறந்த மாதிரிதான். எதிரிகள் கூட்டமாக மேலே ஏறி வந்தார்களாம். இவர் பயந்துபோய்ப் பாறைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டாராம். கூட்டாளி ஒற்றை ஆளாக நின்று பதினொரு பேரைச் சாய்த்தானாம். கடைசித் தோட்டாவும் தீர்ந்த பிறகுதான் விழுந்தானாம்.

"தூக்கிட்டு வந்தது மட்டும்தாம்மா நான் செஞ்சது. இந்த மெடல் அவனுக்கு வந்திருக்கணும்."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். அந்த அம்மா அழுதாள். அழுதபடியே திரும்பி, கூட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். முதலாளியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்த கையோடு கணக்கும் போட்டார். பாறைக்குப் பின்னால் பதுங்குகிறவனை வாசலில் நிறுத்தி என்ன லாபம்? வீரனுக்குத் தம்பி இருக்கிறான், அவனுக்குக் கையும் இரண்டு முழுசாக இருக்கிறது. உத்தரவை அங்கேயே அந்தத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. நம்ம ஆளோ முகமெல்லாம் சிரிப்பாக, மொட்டைக் கையின் மேல் மறுகையால் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றும்போது தையல்காரிக்குப் பொறுக்கவில்லை.

"பதினொரு பேரையும் அவருக்கே குடுத்துட்டீங்களே, நமக்குன்னு ஒருத்தனை வெச்சிருக்கக் கூடாதா?"

"அந்தம்மா நிமிர்ந்து நின்னதைப் பார்த்தேல்ல?"

பார்த்தாள்தான். கோபம் ஆறவில்லை. ஆனால் அவரைக் கட்டிக்கொண்டதில் முதல்முறையாக அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் என்னென்ன தானம் பண்ணுவாரோ என்று சொல்லாமல் விட்டாள்.

அடுத்த வாரம் கூட்டாளியின் அம்மா இளைய மகனோடு தையல்காரியின் வீட்டுக்கே வந்தாள். பையனுக்கு வாசல் காவல் சீருடை தைக்க வேண்டுமாம். தையல்காரி அளவெடுக்கும்போது, மகளின் பாவாடையை வாங்க வந்திருந்த முடிதிருத்துபவரின் மனைவி சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் பாறைக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டாராமே. நெசமா?"

உண்மை முழுவதும் தையல்காரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவும் அவளை நிமிர்ந்து பார்த்தாள். தையல்காரி பையனின் தோளில் அளவு நாடாவை வைத்தாள்.

"ஆமாக்கா," என்றாள். "அவருக்கு எப்பவுமே பயந்த சுபாவம்."