கம்ப்யூட்டருக்குள் மூன்று சொந்தக்காரர்கள்

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கரியாலூரிலிருந்து என் அக்கா மகள் காலை பஸ்ஸில் வந்திருந்தாள். நர்சிங் படிக்க எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். தவறினால் அந்த வருஷம் போச்சு. அவள் ஊர் இருக்கும் மலையில் சிக்னல் நிற்காது. பிரவுசிங் சென்டரில் முடித்துக்கொள்கிறேன் என்றவளை, "நம்ம வூட்லயே கம்ப்யூட்டர் இருக்கறப்ப அங்க இன்னாத்துக்கு?" என்று கள்ளக்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தவள் நான்தான்.

அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர் மூன்று மாதமாக "மெமரி குறைவு" என்று புலம்பிக்கொண்டிருந்தது. என் நாத்தனாரின் வீட்டுக்காரர் வந்து, மெமரியைச் சுத்தம் செய்யும் சாப்ட்வேர் ஒன்றைப் போட்டார். என் தம்பி அவன் பங்குக்கு ஒன்று. போதாததற்கு, ஏதோ வீடியோவைப் பார்த்து நானும் ஒன்று. கம்ப்யூட்டரைப் போட்டதும் மூன்றும் தாமாகவே எழுந்து, இருக்கிற மெமரியைத் தின்றன. எதையும் எடுக்க முடியாது. நாத்தனார் வீட்டுக்காரர் வந்தால், காபியைக் கையில் வாங்கும் முன்பே தன்னுடையது ஸ்கிரீன் மூலையில் இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டு மாப்பிள்ளை மனம் கோணலாமா?

நாலு மணிக்குப் பதிவுப் பக்கம் பாதியில் நின்றது. எது எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன்.

"மாமா போட்டத எடுத்துடாத, கோச்சிக்குவாரு" என்றார் கணவர்.

"கோச்சிக்கட்டும்! இந்தப் பொண்ணு படிப்பு பெருசா, உங்க மாமா ரோசம் பெருசா?"

எடுத்தேன். அணைத்துப் போட்டேன். அதற்கே இருபது நிமிஷம். மறுபடி நின்றது. தம்பிக்குப் போன் போட்டு நாலு வார்த்தை திட்டிவிட்டு, அவனுடையதையும் எடுத்தேன். மறுபடி அணைத்துப் போட்டேன். அப்போதும் பக்கம் திறக்கவில்லை. "சென்டருக்கே போயிடலாம்" என்ற கணவர்மேல் எரிந்து விழுந்தேன். பத்து நிமிஷம்தான் பாக்கி.

"இன்னாடி, பேசாம குந்திக்கினு கீற? வாயத் தொறந்து எதுனா சொல்லேன்!" என்று அக்கா மகளிடம் கத்தினேன்.

அவள் தலை நிமிரவில்லை. "சித்தி... லிஸ்ட்ல மொதல்ல கீறது நீங்க போட்டதுதான். அதுதான் ஜாஸ்தி எடுக்குது."

பார்த்தேன். உண்மைதான். மற்ற இரண்டும் சேர்ந்து தின்றதைவிட என்னுடையது அதிகம் தின்றிருந்தது. எடுத்துவிட்டு மறுபடி அணைத்துப் போட்டேன். பக்கம் சட்டென்று திறந்தது. பதிவு நேரம் முடிந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மணி ஐந்து தாண்டி ஆறு நிமிஷம்.

"எப்படி பாத்த, எப்ப பாத்த?" என்றேன்.

"நீங்க மொத தடவ தொறந்தப்பவே பாத்துட்டேன், சித்தி. சொன்னா கோச்சிக்குவீங்கன்னு..."