துருப்பிடித்த பின்கதவு

பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தேன், வரவில்லை. துருவேறி இறுகிக் கிடந்தது. தங்கை ஏன் இப்படிப் பருத்துப்போனாள் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது என்று சட்டென்று பட்டது.

செமஸ்டர் லீவுக்கு விடுதியிலிருந்து விருத்தாசலம் வந்திருந்தேன். பத்தாவது படிக்கும் தங்கை, முந்தின நாள் பள்ளிக்கூடப் பிரேயரில் மயங்கி விழுந்திருந்தாள். மதியச் சோற்றைப் பல நாளாக நாய்க்குக் கொட்டியிருக்கிறாள். ஏனென்று கேட்டால், "ஆட்டோக்காரரு கூட, 'பாப்பா நடுவுல உக்காரு, வண்டி சாயுது'ன்றாருக்கா" என்றாள். சாயங்காலம் பசி தாங்காமல் முறுக்கு டின்னைக் காலி செய்வாள்.

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொன்னாள்: "வாயக் கட்டுடின்னா கேக்குறாளா? நீயும் இதே வூட்டுலதான வளந்த? உனக்குந்தான் உளுத்தங்களி கிண்டிப் போட்டேன். நீ என்ன இப்புடியா ஆன?"

அதேதான். வயதுக்கு வந்த பெண்ணின் இடுப்புக்குத் தெம்பு என்று அதே களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும்தான் எனக்கும் ஊட்டினாள். பெண்பிள்ளை இனித் தெருவில் ஓடக்கூடாது என்ற சட்டமும் எனக்கு உண்டு. ஆனால் எனக்குப் பின்கதவு இருந்தது. அதற்கப்பால் காலி மனை. வீடுகளின் முதுகுப்பக்கம், ஆண்கள் வராத இடம். இருட்டும்வரை பாண்டி, கோகோ ஆட்டம். தின்ற களியெல்லாம் அங்கேதான் கரைந்தது.

நான் விடுதிக்குப் போன பிறகு செராமிக் கம்பெனிகளின் கழிவை அங்கே கொட்டத் தொடங்கினார்கள். சூளையில் வெடித்த பொம்மைகள், கூர்கூராக. கால் கிழியுமென்று அம்மா தாழ்ப்பாள் போட்டாள். தங்கைக்கு மிஞ்சியது கட்டில், ஷேர் ஆட்டோ, பெஞ்சு, டியூஷன், அரசாங்கம் கொடுத்த இலவச டிவி.

மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தட்டிக் கதவைத் திறந்தேன். வாசற்படி வரை குவியல். வண்ணம் பூசாத வெள்ளை முகங்கள். கண் இருந்தது, கருவிழி இல்லை.

"மூடுக்கா. அதுங்க பாக்குதுங்க."

"எதுடி?"

"அதுங்கதான். ஜன்னல் சந்து வழியா தெனமும் பாக்குறேன். ஒடம்பு சரியா வரலன்னுதான அதுங்கள தூக்கிப் போட்டாங்க? என்னையும் ஒருநாள் அங்கயே கொட்டிடுவீங்கன்னு இருக்குது."

அவள் பக்கம் திரும்பினேன். முதுகில் அந்த வெள்ளைக் கண்கள் ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

கேட்டேன்: "வேப்பமரம் வரைக்கும் பாதை ஒதுக்குனா நடப்பியா?"

"அதுங்க மூஞ்சிய மொதல்ல அந்தாண்ட திருப்பி வை. அப்புறம் கூப்புடு."

"அப்ப இட்லி தின்னுட்டு வரணும். மயங்கி விழுந்தா தூக்க என்னால முடியாதும்மா தாயே."

சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், அவை கேட்டுவிடும் என்பதுபோல.

இதை எழுதும்போது கதவு திறந்தே இருக்கிறது. அந்திவெயிலில் ஒரு முகம் இங்கிருந்தே தெரிகிறது. அப்பாவின் தடித்த செருப்பு, கோணிச்சாக்கு, மண்வெட்டி, எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். காலையில் அந்த முகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.