தலைவர் எழுதிய அணிந்துரை

எங்கள் தொழிற்சங்கத் தலைவர் கொப்பியடித்துவிட்டார் என்று நான் மைக்கில் சொன்னபோது எனக்குப் பத்து வயது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை என்று அம்மா ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்ததால் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

அத்தை எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுவார்கள். என் தம்பியும் அங்கேதான், பின்சுவரோரத் தொட்டிலில். அந்தச் சுவருக்குப் பின்னால் செங்குத்தான மண் திட்டு, திட்டில் ஒரு வெடிப்பு. மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி லயங்களை மூடி அதிக காலம் ஆகவில்லை. மழை பிடித்தால் அத்தை குடையோடு பின்னால் போய் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்ப்பார். முதலில் விரல் போனது, பிறகு முழங்கைவரை போனது. மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவில், சும்மா கிடந்த பழைய ஸ்டோருக்கு மடுவத்தை மாற்றித் தாருங்கள் என்று தோட்டத்தை நடத்தும் தொரைக்கும் சங்கத்துக்கும் அவர் எழுதிய மனுக்கள் எங்கே போயினவோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

மனு எழுதி அலுத்துத்தான் அத்தை பதிப்பாளர் ஆனார். பிள்ளைகளை எடுக்க வரும் பெண்களை உட்கார வைத்து அவரவர் கதையைச் சொல்லச் சொன்னார். பிரசவத்துக்குக் கொழுந்து லொறியில் போன கதை, கங்காணியைக் கூடையால் அடித்த கதை, வெடிப்பின் கதை எல்லாவற்றையும் பிள்ளைகள் தூங்கும் மத்தியானங்களில் எழுதினார். தோட்டத்துப் பொம்பளைகள் பேசுவதை யார் வாங்குவார் என்று பதுளையில் ஓர் அச்சகக்காரர் கேட்டாராம். ஆகவே பண்டாரவளையில் போட்டோகொப்பி எடுத்து, வீட்டில் சாக்கு ஊசியால் தைத்தோம். பின்னட்டையில் ‘தொட்டில் பதிப்பகம், ஐந்தாம் லயம்’ என்று போட்டிருந்தது. பதிப்பகம் என்பது அத்தை, ஒரு தகரப் பெட்டி, பிழை திருத்த நான்.

புத்தகத்துக்கு முன்னால் ஒரு பெரிய மனிதரின் அணிந்துரை இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரபு. பெரிய மனிதர் அதை எழுத மாட்டார் என்பதும் மரபுதான். புத்தகம் போடுகிறவர் எழுதிக் கொடுப்பார், அவர் கையெழுத்து வைப்பார். அப்படித் தலைவருக்காக அத்தை நாலு பக்கம் எழுதினார். கோயில் திருவிழாவுக்கு வந்த தலைவர், வாகனத்தின் பொனட்டில் வைத்துக் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். தம் பதவிகளில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சேர்த்து, கையெழுத்துப் போட்டு, வெள்ளைச் சட்டையில் எடுத்த படத்தைப் போடச் சொல்லிவிட்டுப் போனார். போட்டோகொப்பியில் முகம் கறுத்து, சட்டை மட்டும்தான் பளிச்சென்று விழுந்தது.

எனக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அந்த மாதம்தான் பக்கத்து மேசைக்காரியின் கட்டுரையைப் பார்த்து எழுதியதற்காக டீச்சரிடம் பிரம்படி வாங்கி, பிறர் எழுதியதை என் எழுத்தென்று சொல்ல மாட்டேன் என ஐம்பது தடவை எழுதியிருந்தேன். ஐம்பது தடவை எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் நீதி நியாயத்தில் ஒரு வெறி வந்துவிடும்.

வெளியீட்டு விழா பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மேடையில் நடுநாயகமாகத் தலைவர். பக்கத்திலேயே எதிர்ச் சங்கத்துக்காரர் ஒருவரையும் அத்தை உட்கார வைத்திருந்தார். தலைவர் பேச எழுந்ததும் அத்தை ரொம்பப் பணிவாகப் புத்தகத்தை நீட்டி, ஐயாவின் அணிந்துரையையே வாசித்தால் போதும், சனம் அதற்குத்தான் காத்திருக்கிறது என்றார். தலைவர் நன்றாக வாசிப்பார், அதைச் சொல்லியாக வேண்டும். தாய்மாரின் கண்ணீர் என்ற இடத்தில் அவருக்கே குரல் தழுதழுத்தது. வந்த வேகத்தில், ‘அடுத்த மழைக்கு முன்பு பிள்ளை மடுவத்தை மேல்கணக்குக்கு மாற்றித் தருவேன், இது என் வாக்கு’ என்பதையும் கணீரென்று வாசித்துவிட்டார். வாசித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

பெண்கள் கை தட்டத் தொடங்கி நிறுத்தவே இல்லை. தலைவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அச்சில் சில பிழைகள் வந்திருக்கலாம் என்று இழுத்தார். அச்சுப் பிழையாம்! பிழை திருத்தியவள் நான். அத்தை எழுத்துக்கு இவர் கைதட்டு வாங்கியதும் போதாமல் இது வேறா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விறுவிறுவென்று மேடையேறி மைக்கை இழுத்தேன்.

“இது எங்க அத்தை எழுதுனது. தலைவரு கொப்பியடிச்சிட்டாரு.”

கைதட்டல் நின்றது. அத்தையின் முகம் வெளுத்துப் போனது. எதிர்ச் சங்கத்துக்காரர் மட்டும் தோள் குலுங்கச் சிரித்தார். தலைவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மைக்கை நோக்கிக் குனிந்தார்.

“இல்ல பாப்பா. ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதுனது. அத்தைகிட்டயே கேளு.”

“ஆமாங்க, ஐயாதான் எழுதுனாரு” என்றார் அத்தை. “நான் ஒரு புள்ளிகூட மாத்தல.”

என் சொந்த அத்தை, முந்நூறு பேருக்கு முன்னால்! மூன்று வாரம் நான் அவரோடு பேசவில்லை. அதற்குள் எதிர்ச் சங்கத்தார் தலைவரின் வாக்கு இருந்த அந்த ஒரு பக்கத்தை மட்டும் போட்டோகொப்பி எடுத்துத் தோட்டமெங்கும் ஒட்டிவிட்டார்கள். தலைவர் தொரையிடம் நடையாய் நடந்தார். புரட்டாசிக்குள் மடுவம் மேலே போனது, வாசலில் தலைவர் பெயர் பொறித்த ஒரு கல்லோடு.

ஐப்பசியில் ஒரு வேலைநாள் மத்தியானம் திட்டு இறங்கியது. பழைய மடுவம் இருந்த இடத்தில் சேறும் கல்லும்தான் கிடந்தன. அம்மா முதுகுக் கூடையைக்கூடக் கழற்றாமல் மலையிலிருந்து ஓடி வந்து, பழைய பழக்கத்தில் அங்கேயே நின்று தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினார். பிறகுதான் நினைவு வந்து மேலே ஏறினார். நானும் பின்னால் ஓடினேன்.

அத்தை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவன் பாண் தின்றுகொண்டிருந்தான். அம்மா அவனோடு சேர்த்து அத்தையையும் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கோ அவர்கள் தலைக்கு மேலே அந்தக் கல்தான் கண்ணில் பட்டது. அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“இப்பவாச்சும் சொல்லுங்க அத்தை. அது நீங்க எழுதுனதுதானே?”

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஐயாதான் எழுதினார் என்றார். அழும்போதுகூடப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தம்பி தன் பாணில் ஒரு துண்டைப் பிய்த்து என்னிடம் நீட்டினான். அத்தை மேலிருந்த கோபத்தில் அவனிடமும் நான் வாங்கவில்லை.