திருவிருந்தில் நான் விலக்கிய பாத்திரம்

முதல் அறிகுறி ஆலயத்தில்தான் தெரிந்தது. திருவிருந்தின்போது அப்பம் வாங்க ஏந்திய என் உள்ளங்கைகள் ஆடின. காலையில் மது ஊற்றிக்கொள்ளாமல் வந்ததன் நடுக்கம் அது. போதகர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கனிவாகப் பார்த்தார். பாத்திரத்தில் இருந்த திராட்சரசத்தை அன்று ஒரு மிடறு கூடுதலாகவே குடித்தேன்.

பிறகு கால் வீங்கியது, கண் மஞ்சளித்தது. நாகர்கோவிலில் மருத்துவர் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) என்றார். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்தோம். வீட்டுக்குள்ளேயே குடித்தவன் என்பதால் ஊரும் நம்பியது.

மருத்துவமனையில் முதல் சில நாட்கள் வித்ட்ராயல் (குடியை நிறுத்தியதும் உடம்பு செய்யும் கலகம், வியர்க்கும், நடுங்கும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும்). சுவரில் நண்டுகள் ஏறின. என் மனைவி செல்வி துண்டால் சுவரை அடித்து அவற்றை விரட்டிக் காட்டினாள். அதை நான் மறக்கவில்லை. மேலே படிக்கும்போது நீங்களும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "மருந்து பாதிதான். மீதிக்குக் கூட்டத்துக்குப் போங்க," என்றார். குடியிலிருந்து மீள்கிறவர்கள் வாரந்தோறும் கூடிப் பேசும் கூட்டம். எங்கள் ஊரிலேயே ஒன்று நடந்தது. அங்கே போனால் மறுநாள் மீன் சந்தையில் என் கல்லீரலைக் கூறு போட்டுவிடுவார்கள். அதனால் பஸ் ஏறித் தோவாளைக்குப் போனேன். பூச்சந்தைக்குப் பின்னால் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. அறை முழுக்க வாடிய பிச்சிப்பூ வாசம்.

பெயர் மட்டும் சொன்னால் போதும், ஊரும் குடும்பமும் வேண்டாம் என்பது அங்கே விதி. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைவிடக் கஷ்டமான விதி இருக்க முடியாது. நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பூ வியாபாரி மணி கேட்டார்.

"எந்த ஊரு? யாருக்க மோன்?"

"அண்ணாச்சி, அத கேக்கப்பிடாது!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"கேக்காம எப்பிடி மக்கா ஒரு மனுசன்கிட்ட பேச்சு தொடங்குகது?" என்றார் அவர், நிஜமாகவே தெரியாமல். நோயில் விழுந்த பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

மணி நெடுநாள் குடிக்காமல் இருந்து, இருமலுக்குக் குடித்த அரிஷ்டத்தில் (புளிக்கவைத்த நாட்டு மருந்து, அதிலும் போதை உண்டு) மறுபடி விழுந்தவர். "ஒரு மூடிதான் குடிச்சேன். ஒடம்புக்கு அது போரும்," என்றார். எனக்கு உடனே திருவிருந்துப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. எங்கள் சபையில் ரசம் கடையில் வாங்குவதில்லை. திராட்சையும் சர்க்கரையும் பரணியில் (ஊறுகாய் ஜாடி) போட்டுப் புளிக்கவைப்பார்கள். நல்ல வீரியம்.

எனக்கு மட்டும் புளிக்காத சாறு தர முடியுமா என்று போதகரிடம் கேட்டேன்.

"பிரதர், ஜெபிச்ச ரசம் ஒண்ணும் செய்யாது."

இதை மருத்துவரிடம் சொன்னேன். "கல்லீரலுக்கு ஜெபிச்சதும் தெரியாது, ஜெபிக்காததும் தெரியாது. ஒரு சொட்டும் வேண்டாம்," என்றார் அவர்.

ஒருவனுக்காக வழக்கத்தை மாற்ற முடியாது என்றது சபைக் கமிட்டி. ஆகவே அப்பத்தை வாங்கிக்கொண்டு பாத்திரத்தை விலக்கினேன். எங்கள் சபையில் ரசத்தை விலக்குகிறவன் மேல் ஏதோ பாவமோ வழக்கோ கிடக்கிறது என்று அர்த்தம். குடித்த காலமெல்லாம் தவறாமல் வாங்கினேன், என் பேர் சுத்தமாக இருந்தது. குடியை விட்டதும் பாவி ஆனேன்.

இந்த நேரத்தில் மகள் ஜெனிஷாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் வீட்டார் திருவிருந்து ஞாயிறன்றே எங்கள் ஆலயத்துக்கு வருவதாகச் சொன்னார்கள். குடும்பம் சேர்ந்து முழங்காலிடுகிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

"நாக்குல பட்டா போரும். பிள்ளைக்க வாழ்க்கையாக்கும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள் செல்வி. நண்டு விரட்டிய அதே கை.

"அப்பாக்கு எப்பிடி முடியுமோ அப்பிடி," என்றாள் ஜெனிஷா. அதுதான் அதிகமாக வலித்தது.

முழங்காலிட்டேன். பாத்திரம் உதட்டருகே வந்தது. அந்த வாசனைக்கு எச்சில் ஊறியது. வெட்கங்கெட்ட உடம்பு. உதட்டை இறுக்கித் தலையசைத்தேன். எனக்கு அடுத்து முழங்காலிட்டிருந்த பையனின் அப்பா, இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்துக் குடித்தார்.

வாசலில் அவர் என் கையைக் குலுக்கினார். "ஒங்களுக்கு சபையில எதும் பிரச்சன உண்டா?" வாயில் ஏலக்காய் மணம். காலை நேரத்தில் ஓர் ஆண் எதை மறைக்க ஏலக்காய் மெல்லுவான் என்று எனக்குத் தெரியும். பல வருஷம் மென்றவன் நான். அவர் உள்ளங்கை என் கைக்குள் ஆடியது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள். "பொண்ணுக்க அப்பனுக்கு என்னமோ கொறவு உண்டு" என்று ஆள்வழியாகச் சொல்லியனுப்பிச் சம்பந்தத்தை முறித்தார்கள்.

"குடிச்சும் கெடுத்திய, குடிக்காமயும் கெடுத்தியளே," என்றாள் செல்வி. அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

இதே நோயோடு இதைப் படிக்கிறவருக்குச் சொல்கிறேன். ஊர் மெச்சும் என்று நம்பிக் குடியை நிறுத்தாதீர்கள். மெச்சாது. உடம்பு மட்டும் மெல்லத் திரும்பி வரும். சோறு ருசிக்கிறது, கால் செருப்புக்குள் நுழைகிறது. முன்பு என் பொழுது அடுத்த மிடறு வரைக்கும்தான் நீளும். இப்போது அடுத்த கூட்டம் வரைக்கும் நீள்கிறது.

மூக்கும் திரும்பிவிட்டது, அதுதான் தொல்லை. தோவாளை மாடியில் கதவு திறக்கும்போதெல்லாம் பிச்சிப்பூ வாசத்துக்கு நடுவே ஏலக்காய் வருகிறதா என்று பார்க்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. வந்தால் எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்க மாட்டேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவேன்.