அஸரில் தொலைந்த ரக்அத்

காஞ்சிபுரத்தில் கல்யாணப் பட்டுக்கு ரவிக்கை தைக்கிறவன் நான். பாதித் தெருவின் தோள் அளவையும் கை அளவையும் நோட்டைப் பார்க்காமல் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு அன்று நாலு வரை எண்ண வரவில்லை.

என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு ரிப்போர்ட். பிற்பகல் தொழுகையான அஸரை வீட்டிலேயே தொழுதுவிட்டுக் கிளம்பலாம் என்று நின்றேன். நாலு ரக்அத்; நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத். நடுவில் எங்கேயோ மனம் அவள் கழுத்துக்குப் போய்விட்டது. இது மூன்றா, நாலா? இப்படி ஒரு தொழுகையைக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு நல்ல ரிப்போர்ட் கேட்பது? கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் மறந்தது. மறுபடியும் கலைத்தேன்.

புர்கா போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தவள் உள்ளே வந்தாள்.

"இன்னாங்க, தொழுதுக்கினே இருக்கீங்க? தையலைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிற மாதிரி!"

"எத்தினின்னு மறந்துடுதும்மா. இங்க தப்பாத் தொழுது, அங்க ரிப்போர்ட்டும் தப்பா வந்துட்டா?"

"ஓஹோ! லேப்காரரு உங்க தொழுகையைப் பாத்துட்டுதான் எழுதுறாரா?" சிரித்தாள். சிரிப்போடு கட்டியும் ஏறி இறங்கியது. "சந்தேகம் வந்தா கம்மியானதை வெச்சுக்கினு மிச்சத்தைத் தொழு, கடைசியில மறதிக்கு ரெண்டு ஸஜ்தா செய், போதும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. உங்களுக்கு மட்டும் வேற சட்டமா?"

வெட்கமாகப் போயிற்று. ஒவ்வொரு ரக்அத்திலும் 'அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்' என்று வாய் ஓதுகிறது. மனமோ, அரை அங்குலம் பிசகினால் ரவிக்கையை முகத்தில் வீசும் வாடிக்கைக்காரரிடம் நிற்பதுபோல் நடுங்குகிறது. பின்னால் உடம்பு பெருத்தால் தையலைப் பிரித்துக்கொள்ளட்டும் என்று நானே ரவிக்கையின் உள்பக்கம் கூடுதல் துணி விடுகிறேன். நான் மறப்பேன் என்று தெரிந்த அல்லாஹ் தொழுகைக்குள் இடம் விட்டிருக்க மாட்டானா?

திரும்பவும் நின்றேன். திரும்பவும் மறந்தேன். மூன்று என்று வைத்துக்கொண்டு இன்னொன்று தொழுது, நெற்றியைத் தரையில் வைத்து இரண்டு ஸஜ்தா செய்து முடித்தேன்.

லேபில் இருந்த பெண், "ரிப்போர்ட் இன்னும் வரலை சார், காலையில வாங்க" என்றாள். மனைவி "சரிம்மா" என்று திரும்பிவிட்டாள். நான் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு மூன்று ரக்அத்தான். அதிலும் இரண்டா மூன்றா என்று தொலைந்தது. கலைக்கவில்லை. இன்னொன்று தொழுது, மறதிக்கான ஸஜ்தாவில் நெற்றியை வைத்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. அதோடுகூடவே அங்கே கொஞ்ச நேரம் கிடந்தேன்.