வெடி நீக்கிய பாட்டு

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் செட்டு என் வீட்டுக்காரருடையது, லேப்டாப் என்னுடையது. விருதுநகர் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல் என்று எங்கே ஆட்டம் என்றாலும் பெட்டிகளை இறக்கிக் கட்டுவது அவர் வேலை. எந்தப் பாட்டு, எப்போது, எவ்வளவு சத்தத்தில் என்பது என் வேலை. மேடையேறிய பிறகு டிஜேவுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் இளசுகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சோறு வடித்த கையோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வீட்டில் உட்காரும்போதே முக்கால் வேலை முடிந்துவிடுகிறது.

பாட்டுகள் வந்து சேரும் கோலம் இருக்கிறதே, பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எங்கிருந்து இறக்கினார்களோ அந்த வெப்சைட்டின் பெயர் இருக்கும். பாடியவர் பெயர் காலி. ஒரே பாட்டு வேறு வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும். போனில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும். பெரிய பெட்டியில் போட்டால் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி கேட்கும். அதையெல்லாம் கழித்துக்கட்டி, நல்ல பிரதியைத் தேடி எடுத்து, பெயரைத் திருத்தி, சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவருவேன். அப்புறம் தாளம். சாப்ட்வேர் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போட்டுக் காட்டும். கோடு சரியாக விழுந்தால்தான் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்கு இடறாமல் போக முடியும். சினிமா குத்துப்பாட்டுக்கு ஒழுங்காகப் போடுகிற சாப்ட்வேர், நையாண்டி மேளம் வந்தால் திருவிழாவில் தொலைந்த பிள்ளையாக முழிக்கும். அங்கே நானே தொடையில் தட்டிப் பார்த்து, கோட்டை இழுத்து அதன் இடத்தில் வைப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

இதற்கு மேல் ஒரு வேலை இருக்கிறது. வெளியூர் டிஜேக்களுக்கு அது கிடையாது. ஒவ்வொரு பாட்டையும் கடைசி வரை கேட்டு, உள்ளே வெடிச்சத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். சரவெடி போலப் படபடவென்று இருந்தால் பாதகமில்லை. அதற்கெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் சில ரீமிக்ஸ்களில் எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டு, கனமாக ஒரே ஒரு 'டொம்' வைப்பார்கள். அது ஆகாது. பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்துப் போனால் தூரத்திலிருந்து அப்படித்தான் கேட்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தவில் உருட்டை ஒட்டிவிடுவேன். பெயருக்குப் பின்னால் 'வெடி நீக்கியது' என்று எழுதி வைப்பேன்.

போன ஆவணியில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பகல் நேர வரவேற்பு. தீபாவளிப் பட்டாசு லோடு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்த நேரம். பெண் உள்ளூர், மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பக்கம். பெண்ணின் அக்கா புருஷன் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். அரை நாள் வேலை பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார். மண்டபத்தில் இருந்த பாதிப் பெண்களுக்கு வீட்டு ஆள் யாராவது அன்றைக்கு வேலையில் இருந்தார்கள்.

மாப்பிள்ளை முன்னாலேயே ஒரு ரீமிக்ஸை அனுப்பியிருந்தார். நானும் வழக்கம்போல வெட்டித் தைத்து வைத்திருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் ஒருமுறை ஹெட்போனில் கேட்கக் கொடுத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க்கா, டொம்முனு ஒண்ணு வருமே, அதக் காணோமுங்களே?"

"வெட்டிட்டேன்."

"அதுதானுங்க பாட்டே! என் போன்ல ஒரிஜினல் இருக்குதுங்க, அதையே போடுங்க."

"இந்த ஊர்ல அது வேணாம் மாப்பிள்ள. இங்கன இருக்கவுக யாரும் ஆட மாட்டாக, ஓடுவாக."

அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். நானும் வாங்குகிற உத்தேசத்தில் இல்லை. பின்னணியில் நாதஸ்வரம் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வெளியே எங்கோ தூரத்தில் கனமாக ஒரு 'டொம்' கேட்டது.

யாரும் சொல்வதற்கு முன்பே நாதஸ்வரத்தை நிறுத்தினேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்தார்கள். பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். "எந்தப் பக்கம்லே? பொக தெரியுதா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். பெண்ணின் அக்கா மட்டும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று, புருஷனுடைய நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். "போனக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிருவாகளே," என்று அவளே சொல்லிக்கொண்டு, மறுபடியும் அழுத்தினாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பாட்டிலிருந்து இந்தச் சத்தத்தை வெட்டி எறிந்திருக்கிறேன். இதை வெட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை நீட்டிய போனைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றார்.

சற்று நேரத்தில் அவள் போன் அடித்தது. புதிய நம்பர். கம்பெனி வாட்ச்மேன் போனிலிருந்து அவள் புருஷன்தான். "ஒண்ணுமில்ல புள்ள, கல்குவாரியில வெடி வச்சிருக்காக," என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. அவள், "சாப்பிட்டீகளா?" என்றாள். அவ்வளவுதான். நான் அழுதுவிட்டேன்.

வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளை என்னிடம் வந்து, "அந்தப் பாட்டு வேண்டாமுங்க்கா. வேற எதாச்சும் போடுங்க," என்றார்.

"வேண்டாம்னா எப்புடி? ஒங்களுக்குன்னு வெட்டி வச்சிருக்கேன். போங்க, போய் ஆடுங்க," என்று விரட்டிவிட்டு, பாட்டைப் போட்டேன். தவில் உருட்டு வந்த இடத்தில் மண்டபமே குதித்தது. முதலில் ஆட வந்தவள் அந்த அக்காதான். போனை மட்டும் கையிலிருந்து விடவில்லை.