கால்வாயை நான் சரி பண்ணின கதை

நூம்பலில் எங்க தெரு வழியா இணைப்புச் சாலை வருதுன்னு வரைவுத் திட்டம் வெளியானப்போ, தெருவிலே அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஆவடி தொழிற்சாலையில் டிராயிங் போர்டே கதின்னு கிடந்தவன். விரிச்சுப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. சாலை நேரா என் ஹாலுக்குள்ளே வருது. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்தது.

மனைவி போனதுக்கப்புறம் வீட்டிலே நான் தனி. ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணுவா. மத்தபடி என்கிட்ட பேசுற ஒரே மனுஷன் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர். தினமும் காலையிலே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா சார், டீ குட்ச்சியா?"ன்னு கேட்பார். குடிச்சேன்னு சொன்னாலும் ஒரு டம்ளர் வரும்.

ஆட்சேபணை கேட்க, திட்டம் போட்ட ஆபீசோடு சம்பந்தமில்லாத ஒரு ஓய்வுபெற்ற என்ஜினியரை நியமிச்சிருந்தாங்க. விசாரணை கல்யாண மண்டபத்தில். முதல் நாள் சும்மா போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தர் அழுதார், ஒருத்தர் கத்தினார். எல்லாருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார். "உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா திட்டம் விதிப்படி இருக்கா, அளவு சரியா இருக்கா, அதை மட்டும்தான் நான் பார்க்க முடியும். அதுல தப்பு இருந்தா காட்டுங்க."

தப்பு இருந்தது. எங்க தெருப் பக்கம் ஓடுற கால்வாயோட கரையிலேர்ந்து இத்தனை அடி தள்ளித்தான் சாலைன்னு திட்டமே சொல்லுது. ஆனா கால்வாயையே தள்ளி, தப்பான இடத்தில் வரைஞ்சிருக்காங்க. நான் டேப் வெச்சு அளந்தேன். டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு ஆட்டோக்காரர் ஒரு நாள் சவாரியை விட்டுட்டு முள்ளுச்செடிக்குள்ளே நின்னார்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு தாளில் கால்வாயைச் சரியான இடத்தில் போட்டு, சாலையையும் வரைஞ்சு பார்த்தேன். கோடு என் சுவரைத் தாண்டி அவர் வீட்டு மேலே போச்சு. ரெண்டு தரம் போட்டேன், அங்கேயேதான் போச்சு. அந்தத் தாளை மடிச்சு பீரோவில் வெச்சுட்டேன். பெரிய ஆபீசர்ங்க, எப்படியாவது வளைச்சுப்பாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொய். வளைக்க இடமே இல்லைன்னு எனக்குத் தெரியும்.

என் முறை வந்த அன்னிக்கு அவர் ஆட்டோவிலேதான் போனேன். கால்வாய் எங்கே இருக்கணும்னு மட்டும் காட்டினேன். "ஆட்சேபணைன்னா இப்படி இருக்கணும்"னார் என்ஜினியர். எனக்குப் பெருமை தாங்கலை. வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் என் தோளைத் தட்டி, "கலக்கிட்ட சார்"னார்.

சில மாசம் கழிச்சு திருத்தின வரைபடம் வந்தது. அவர்தான் அதை என்கிட்ட கொண்டு வந்தார். "நம்ம ஊடு எங்க சார் கீது?"

விரலை வெச்சுக் காட்டினேன். அது மேலேயே சாலை போச்சு. "அளந்தப்பவே இது உனக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதுப்பா"ன்னேன்.

நம்பிட்டார். "அப்ப எனக்கும் ஒரு மனு எழுதிக் குடு சார். நீதான் தப்பு கண்டுபுடிக்கிற ஆளாச்சே"ன்னார்.

ஒரு வாரம் தேடினேன். உண்மையாவே தேடினேன். அந்த வரைபடத்தில் ஒரு தப்பும் இல்லை. நான் சரி பண்ணிக் கொடுத்ததாச்சே. அவர் குடும்பம் மாங்காட்டுப் பக்கம் குடிபோயிடுச்சு. எந்தத் தெருன்னு கேட்க எனக்கு முகமில்லை.